காகிதம் மிதிக்காதவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. எழுதினால் பெயர் ஒரு தாளில் ஏறிவிடும். தாள் ஒருநாள் குப்பைக்குப் போகும், குப்பையில் கிடப்பதை யாராவது மிதிப்பார்கள். தன் பெயரை மிதிப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டிருப்பாரா தெரியாது. ஆனால் எந்த மொழியின் எந்த எழுத்தையும் யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று அவர் பட்ட கவலை எனக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடம் அந்தக் கவலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் நான்.

நோர்வேயில், ஒஸ்லோவுக்கும் லில்லெஸ்ட்ரோமுக்கும் நடுவில் இருந்தது அந்த இடம். வீடுகளில் சேரும் பழைய காகிதத்தை லொறிகள் கொண்டுவந்து பெரிய கொட்டகைக்குள் மலையாகக் கொட்டும். அள்ளும் வண்டி ஒன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி ஓடுகிற பட்டியில் போடும். பட்டியின் இரண்டு பக்கமும் நின்று காகிதம் அல்லாததைப் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. பிளாஸ்டிக் பை, பால் பெட்டி, குழந்தைகளின் நாப்பி, ஒருமுறை ஒரு செத்த பூனை. மிச்சம் அழுத்தும் இயந்திரத்துக்குள் போய்க் கட்டுக்கட்டாக வெளியே வரும். ஆலைக்காரர் அதைக் கூழாக்கிப் புதுக் காகிதம் செய்வார்கள்.

வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் எட்டு வருடம் மீன் வெட்டிய கைக்கு இது சுகமான வேலைதான். ஆனால் ஊரில் இருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால் 'காகிதக் கொம்பனி' என்றுதான் சொல்வேன். குப்பை என்ற சொல் வாயில் வராது. யாழ்ப்பாணத்தான் மானம் அப்படிப்பட்டது.

முதல் நாள் தேநீர் இடைவேளைக்கு, கட்டிவைத்த காகிதக் கட்டு ஒன்றின்மேல் ஏறிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், சீனமுகம், என் தோளுக்குக்கூட வரமாட்டார், வந்து முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் இருந்த கட்டைத்தான் பார்த்தார். மூன்று நிமிடம் தாங்கினேன். பிறகு எழும்பிவிட்டேன். அவர் உள்ளங்கையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அவர்தான் முதலாளி என்று நினைத்து இரண்டு கிழமை விழுந்து விழுந்து காலை வணக்கம் சொன்னேன். அவரும் என்னைப் போலப் பட்டியில் நிற்கிறவர்தான் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பிறகு ஒருநாளும் நான் காகிதக் கட்டின்மேல் உட்காரவில்லை.

நாங்கள் பேசியது நோர்வேஜிய மொழியில். இரண்டு பேருக்கும் அது அரைகுறை. இப்போது நினைத்தால் அவர் சொன்னதெல்லாம் எங்கள் பேச்சாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

மாரிகாலத்தில் இங்கே சப்பாத்து நனைந்தால் பத்திரிகையைக் கசக்கி உள்ளே திணித்துக் காயவைப்பார்கள். நாடு முழுக்க உள்ள வழக்கம். அள்ளும் வண்டி ஓட்டுகிற போலந்துக்காரர் ஒருநாள் அப்படி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் சப்பாத்துக்குள் பழைய துவாய்த் துண்டுகள். பத்திரிகைத் தாள்கள் சுருக்கம் நீவி விரிக்கப்பட்டு வெப்பக்குழாயின்மேல் காய்ந்துகொண்டிருந்தன. அவர் கத்தப்போனார். எங்கள் ஆள், "துவாய் கெதியாக் காயும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் சப்பாத்துகளுக்கெல்லாம் வீட்டிலிருந்து துவாய்த் துண்டு கொண்டுவருவது அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட வேலை. போலந்துக்காரரும் முணுமுணுப்பதை விட்டுவிட்டார். துவாய் உண்மையிலேயே கெதியாகக் காய்ந்தது.

தரையில் விழுந்த காகிதத்தை அந்தப் பெண் மிதிக்கமாட்டார், தாண்டவும் மாட்டார். காகிதக் கொட்டகையில் காகிதத்தை மிதிக்காமல் நடப்பது என்றால் மீன் தொழிற்சாலையில் செதிள் படாமல் நிற்பது மாதிரி. அவர் நடந்தார். குனிந்து எடுப்பார், ஒதுக்குவார், நடப்பார். பட்டியிலிருந்து கழிப்பறைக்குப் போய்வர எனக்கு இரண்டு நிமிடம், அவருக்குப் பத்து நிமிடம்.

"இதென்ன நேர்த்திக்கடனோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் தைவான் தீவின் தெற்குப் பக்கம். கப்பலில் இயந்திரம் பார்த்த நோர்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய சிற்றூரின் சந்தைக் கரையில் சின்னக் கோபுரம் மாதிரி ஒரு செங்கல் அடுப்பு இருந்ததாம். அதில் சமைப்பதில்லை. எழுத்துள்ள காகிதத்தை எரிப்பதற்கு மட்டும். இதற்கென்றே ஒருவர் தோளில் கூடையோடு தெருத்தெருவாகப் போவார். கடைச்சிட்டை, பிள்ளைகளின் கொப்பி, கிழிந்த நாட்காட்டி, எழுத்து இருந்தால் போதும், பொறுக்கிக்கொண்டு வருவார். வேறு குப்பை அந்த அடுப்புக்குள் போகாது. சாம்பலையும் கண்ட இடத்தில் கொட்டமாட்டார்கள். சேர்த்துவைத்து, புதுவருடம் பிறந்த கையோடு ஒருநாள் மேளதாளத்தோடு ஆற்றுக்குக் கொண்டுபோய் விடுவார்களாம். வெறும் சாம்பலுக்கு ஊர்வலம்.

"எங்கட சனமும் குறைஞ்சதில்லை," என்றேன். "பழைய ஏட்டுச் சுவடியளை ஆத்து வெள்ளத்திலை விடுறதெண்டு எங்கட ஆக்களிட்டையும் ஒரு வழக்கம் இருந்தது."

"உங்கட ஊர் ஆறு பெரிசோ?"

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பரவாயில்லை" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றுதான் அழுத்தும் இயந்திரத்தின் பக்கத்தில் படிந்திருந்த காகிதத் தூசியில் விரலால் அந்த எழுத்தை எழுதிக் காட்டினார். 字. மேலே ஒரு கூரை, முகட்டில் ஒரு புள்ளி. கூரைக்குள்ளே கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு குழந்தை. அவ்வளவுதான். அதற்குப் பொருள் 'எழுத்து'. பழைய காலத்தில் அதற்குப் பொருள் பிள்ளை பெறுவது, பிள்ளை வளர்ப்பது என்றுதான் இருந்ததாம். ஓரெழுத்தும் இன்னோரெழுத்தும் சேர்ந்தால் மூன்றாவது எழுத்துப் பிறக்கிறது, குடும்பம் பெருகுவதைப் போல. அதனால் எழுத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டதாம்.

"எழுதிற ஒவ்வொண்டும் ஒரு பிள்ளை. அதுக்கு மேலை ஒரு கூரை வேணும். நிலத்திலை விடலாமோ?"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இராது. பட்டியில் வந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். பன்றி இறைச்சி மலிவு விற்பனை விளம்பரம். "இதுவும் பிள்ளையோ? இதுக்கும் ஊர்வலமோ?"

அவர் இரண்டு கையாலும் அதை வாங்கி, மடிப்பை நேராக்கி, பட்டியில் வைத்தார். "அப்பன் கள்ளன் எண்டு பிள்ளைக்குத் தெரியுமோ? அதை ஏன் அடிக்கிறியள்?"

அதோடு விடுகிற ஆள் நானில்லை. எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். புத்தகத்திலோ தாளிலோ கால் பட்டுவிட்டால் உடனே தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வோம், எழுத்து எங்களுக்குச் சரஸ்வதி என்று பெருமையாகச் சொல்லி, செய்தும் காட்டினேன்.

அவர் கவனமாகப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவர் சிரிப்பதைக் கண்டேன். "நல்ல கெட்டிக்காரர். மிதிச்சுப்போட்டுக் கும்பிடுறியள். நாங்கள் மிதிக்கிறேல்லை."

குப்பை பொறுக்கும் வேலை என்று நான் ஒளித்துத் திரிந்த வேலையை அவர் என்னவென்று நினைத்தார் என்பதும் மெல்ல மெல்ல விளங்கியது. அவர் பொறுக்கியது குப்பையிலிருந்து காகிதத்தை அல்ல, காகிதத்திலிருந்து குப்பையை. எழுத்தின்மேல் ஒட்டியிருந்த நாப்பியை எடுத்தார், எலும்பை எடுத்தார், எச்சிலை எடுத்தார். வேலை தொடங்கும் முன் கையைக் கழுவினார். நாங்கள் எல்லோரும் வேலை முடிந்த பிறகுதான் கழுவுவோம். "எங்கட ஊர் அடுப்பு என்ர உயரம்," என்றார் ஒருமுறை, ஆலைக்குப் போகக் காத்திருந்த கட்டுகளைக் காட்டி. "இவ்வளவு பெரிய அடுப்பு உலகத்திலை இருக்கெண்டு சொன்னால் அங்கை ஒருத்தரும் நம்பமாட்டினம்." ஆலையைத்தான் அடுப்பு என்றார். கூடைக்காரருக்கு ஊரில் எல்லோரும் வழிவிடுவார்களாம். தானும் ஒரு கூடைக்காரர் என்பது அவர் எண்ணம். பட்டியின் அந்தப் பக்கம் அவர் நின்ற நிமிர்வைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் நிமிரத் தோன்றும்.

எழுத்துப் பிறந்த அன்று வானத்திலிருந்து தானியம் மழையாகக் கொட்டியதாம், பேய்கள் அழுதனவாம். அவர் ஊர்க் கதை. தானியம் சரி, பேய் ஏன் அழ வேண்டும் என்று கேட்டேன்.

"பயந்துபோச்சுதுகள். எழுதிவைச்சால் பிறகு ஒருத்தரையும் இல்லையெண்டு ஆக்க ஏலாது."

எனக்கு ஒரு தம்பி இருந்தான். இருந்தான் என்று எழுதுவது சரியா என்று இன்றுவரை தெரியாது. வன்னியில் இருந்து அவன் எழுதிய பதினொரு கடிதங்கள் கைமாறிக் கைமாறி எனக்கு வந்து சேர்ந்தன. ஒற்றை றூள் கொப்பித் தாள். பேனையை அழுத்திப் புள்ளி குத்துவான், பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும். கைக்கடிகாரத்துக்கு ஒரு பட்டி அனுப்பச் சொல்வான், பனிக்கட்டி என்ன நிறம் என்று பகிடியாகக் கேட்பான். எல்லாக் கடிதமும் 'மிச்சம் பிறகு' என்று முடியும். பதினோராவதும் அப்படித்தான் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளும் இல்லை, சேதியும் இல்லை. அம்மா அவனுக்குத் திவசம் செய்ய இன்னும் ஒருவரையும் விடவில்லை. அவன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இருந்தது அந்தக் கையெழுத்துத்தான். இதை நான் அவரிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை ஏன் பட்டியருகே நின்று ஒரு தைவான்காரியிடம் சொன்னேன் என்று கேட்டால், பேய் அழுத கதைதான் காரணம். அவர், "கூரை இருக்கோ அதுகளுக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு. பெட்டிக்குள்ளை."

அந்தப் பெட்டியை நானே தொலைத்தேன்.

இங்கே வசந்தம் வந்தால் குடியிருப்பில் உள்ள எல்லோரும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து வளவைத் துப்புரவாக்குவார்கள். டுக்னாட் என்பார்கள். காகிதக் கொம்பனியில் வேலை என்று பெருமை பேசியதால் காகிதத் தொட்டிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். சரி, எங்கள் நிலக்கீழ் அறையையும் இன்றோடு ஒழித்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கே இரண்டு பெரிய அட்டைப்பெட்டி நிறைய அழைப்பிதழ்கள். ஒஸ்லோத் தமிழர் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். கல்யாணம், சாமத்தியவீடு, குடிபூரல், அரங்கேற்றம். எல்லாவற்றிலும் மேலே பிள்ளையார், மூலையில் மஞ்சள். யார் எறிவது? பதினைந்து வருடமாக ஒருவரும் எறியவில்லை. எனக்கு அன்றைக்குத் துணிவு வந்ததே அவரால்தான். எங்கள் இடத்துக்குத்தானே போகிறது, அவர் கைபட்டுத்தானே போகும், குறை வராது என்று மனதைத் தேற்றினேன். ஆனாலும் பிள்ளையாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொட்ட முடியுமா? தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு பெட்டியையும் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவி கீழேயிருந்து ஏறி வந்தார்.

"இஞ்சேருங்கோ, கார்ட் பெட்டி எங்கை?"

"எறிஞ்சாச்சு."

"அதுக்குள்ளை தம்பியின்ர கடிதம் கிடந்ததெல்லோ? போன மாரியிலை குழாய் ஒழுகேக்கை, பிள்ளையாரோட கிடக்கட்டும் எண்டு நான்தானே எடுத்து அதுக்குள்ளை வைச்சனான்."

தலையைத் திருப்பாமல் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். தொட்டி சனிக்கிழமையே எங்கள் கொட்டகைக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை உடைமாற்றும் அறையில் அவரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: "அதோட போன கார்ட் எப்பிடி இருக்கும்?" யானைமுகம், மூலையில் மஞ்சள் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பட்டியில் நின்றார்.

பத்தரை மணி இருக்கும். பட்டி திடீரென்று நின்றது. பட்டியின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு ஓடும். யாருடைய கையாவது அகப்பட்டால் இழுப்பதற்கு. அதை இழுத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கல்யாணக் கார்ட், மூலையில் மஞ்சள்.

மலையின் நடுச்சரிவில், அள்ளும் வண்டி கடைசியாகக் கடித்த இடத்தில், இன்னும் நாலைந்து மஞ்சள் மூலைகள் தெரிந்தன. போலந்துக்காரர் எங்களைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் இயந்திரத்தை நிற்பாட்டினார். மலையில் யாரும் ஏறக் கூடாது என்பது கண்டிப்பான விதி. நான் ஏறினேன். என் எடைக்குச் சரிவு சறுக்கியது. இரண்டுமுறை ஏறி இரண்டுமுறையும் குப்புற வந்து விழுந்தேன். மூன்றாம் முறை ஏறினால் மேலே இருப்பதும் சரிந்து மூடிவிடும். தூரத்தில் மேலாளர் கத்திக்கொண்டு வருவது கேட்டது.

திரும்பிப் பார்த்தால் அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கச் சில கணம் எடுத்தது. விளங்கியதும் பதறிவிட்டேன். "வேண்டாம். நீங்கள் வேண்டாம். விடுங்கோ, காகிதம்தானே," என்றேன். என் தம்பியின் கடிதத்தைக் காகிதம்தானே என்று சொன்னவன் நான். அவர் அதில் கால்வைப்பதைப் பார்க்கிற துணிவு எனக்கு இருக்கவில்லை.

"காகிதமோ?" என்றார். "கூரைக்கு வெளியிலை நிக்கிற பிள்ளை."

"கண்ணாடி கிடக்கும், சப்பாத்தையாவது போடுங்கோ."

"மிதிக்கத்தான் போறன். சப்பாத்தோட மிதிக்க ஏலாது."

காலுறையையும் கழற்றினார். ஏறினார். பத்திரிகை, பாடப்புத்தகம், பிறந்தநாள் வாழ்த்து, வேதாகமம், பன்றி இறைச்சி விளம்பரம், எல்லாவற்றின்மேலும் அந்தச் சின்ன வெறுங்கால் பதிந்து பதிந்து போனது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை புதைந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்டாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. மேலாளர் வந்து என் பக்கத்தில் நின்றார். கத்த வந்த மனிதர் கத்தவில்லை. இத்தனை வருடமாக ஒரு துண்டு விளம்பரத்தைக்கூடத் தாண்டாத பெண் என்று அவருக்கும் தெரியும். என் மயிர்க்கால் எல்லாம் நின்றது. எத்தனையோ கோயிலில் எத்தனையோ சாமிக்கு முன்னால் நின்றிருக்கிறேன், அப்படி ஒருநாளும் எனக்கு ஆனதில்லை.

பதினொன்றில் ஏழு கிடைத்தது. கடைசிக் கடிதம் அதில் இருந்தது. மிச்சம் நாலுக்கும் அவர் கையை விட்டுத் துழாவிக்கொண்டேயிருந்தார், மேலாளர் மெதுவாக, "போதும், இறங்குங்கள்" என்று சொல்லும்வரை.

பட்டியை நிறுத்தியதற்கும் மலையில் ஏறியதற்கும் பின்னர் எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவர் தன்னுடையதை இரண்டு கையாலும் வாங்கி, மடிப்புக் கலையாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த வருடம் கணவரோடு அவருடைய ஊருக்கே போய்விட்டார். பிறகு சந்திக்கவில்லை. ஏழு கடிதமும் இப்போது என் வீட்டின் மேல்தட்டில், கூரைக்குக் கிட்ட இருக்கின்றன. நினைத்துக்கொண்டால் எடுத்துப் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு வருவது அவர் மலையில் ஏறியது அல்ல, இறங்கிய பிறகு செய்தது. குதிகாலில் ஏதோ வெட்டி இரத்தம் வந்துகொண்டிருந்தது. கடிதங்களை என் கையில் தந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கொட்டகையின் தரையில் குனிந்தார். சரிந்து விழுந்திருந்த ஒரு விளம்பரத் துண்டைத் தொட்டார். அந்த விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், நான் காட்டிய மாதிரியே, முதலில் வலது, பிறகு இடது.

"உங்கட ஆக்களைப் பகிடி பண்ணினனான்," என்றார். "எப்பவாவது மிதிக்க வேண்டி வருமெண்டு அவைக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு."